முதல் வெல்லம் இனிக்காத நாள்

என் அப்பா என்னை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அடித்தார். அதுவும் நான் உண்மையைச் சொன்னதற்காக. உறவும் ஊரும் கூடியிருந்த இடத்தில், கரும்புச் சாறு காய்ச்சும் ஆலைக் கொட்டாயில், ஆவி பறக்கிற கொப்பரைக்கு முன்னால் அடித்தார். அந்த அடிக்குக் காரணம் ஒரு இலை. அது என்ன இலை என்பதே போன பங்குனியில்தான் எனக்குத் தெரிந்தது. அறுபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. கோபம் மட்டும் இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியது போலச் சுடுகிறது.

முறையாகச் சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

கள்ளக்குறிச்சியில் என் மகள் வீட்டில்தான் நான் இருக்கிறேன். பங்குனி பிறந்தால் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூட்டத்தோடு கல்வராயன் மலை அடிவாரத்துக்குப் போய்விடுகிறாள். காட்டுச் செடிகளைத் தெரிந்துகொள்ளும் நடையாம், வகுப்பாம். ஒரு பெண் முன்னால் நடந்துகொண்டே இது இன்ன செடி, இது இன்ன கொடி என்று காட்டுவாள். பின்னால் வாத்தியார்களும் பேங்க்கில் வேலை பார்க்கிறவர்களும் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகப் போவார்கள். என்னையும் கூப்பிட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

“நான் ஓடியாடின காட்டுல எனக்கே தழை காட்ட ஆள் வெச்சிருக்கீங்களா?” என்றேன்.

“சும்மா வாம்மா. வூட்டுல குந்திக்கினு டிவிய மொறைக்கறதுக்கு, வந்து நாலு செடிய மொறைச்சிட்டு வா.”

போனேன். வண்டி கச்சிராயபாளையம் தாண்டி மலையடியில் நின்றது. புங்கமரமெல்லாம் பளபளவென்று தளிர் விட்டிருந்தது. இலுப்பைப் பூ வாசனை அடித்தது. எங்கள் ஊர் வடக்கனந்தல் பக்கம். அங்கிருந்து மேற்கே திரும்பினால் எப்போதும் கண்ணில் நிற்கிற மலைதான் இது. வகுப்பெடுக்க வந்த பெண்ணுக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும். “யாரும் எதையும் பறிக்கக் கூடாதுங்க, பாக்க மட்டும்தான்” என்று எடுத்த எடுப்பில் சட்டம் போட்டாள். கட்டுக்கட்டாக அறுத்துத் தலையில் சுமந்து வந்த காட்டில் வந்து நின்றுகொண்டு, பறிக்கக் கூடாதாம். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் என் கையைக் கிள்ளினாள்.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு முட்புதரின் மேல் கொடி ஒன்று ஏறிப் படர்ந்திருந்தது. “இது யாருக்காவது தெரியுமா?” என்று அந்தப் பெண் கேட்டாள். எல்லோரும் செல்போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். எனக்கெதற்குச் செல்போன்?

“நன்னாரி,” என்றேன், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

“நன்னாரி இல்லீங்கம்மா. அதுக்குச் சொந்தக்காரக் கொடின்னு வெச்சிக்குங்க,” என்றாள் அவள். “ஒரு எலை தரேன். நல்லா மென்னு துப்பிடுங்க. பேரு அப்புறம் சொல்றேன்.”

அத்தனை பேருக்கு முன்னால் தப்பாகச் சொல்லிவிட்டேன். முகம் எரிந்தது. “பறிக்கக் கூடாதுன்னியே, இப்ப நீயே பறிக்கற?” என்று கேட்டேன்.

“வகுப்புக்குன்னா கொஞ்சமா பறிக்கலாம்மா,” என்று சிரித்துக்கொண்டே ஆளுக்கு ஒரு இலை கொடுத்தாள்.

மென்றேன். பச்சையாக ஒரு கசப்பு. நாக்கின் மேல் மெல்லிய சுணை. இதை நான் முன்பே மென்றிருக்கிறேன் என்று நாக்குக்குத் தெரிந்தது. எங்கே, எப்போது என்று தெரியவில்லை. துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தேன். அதற்குள் அந்தப் பெண் ஒரு எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, எல்லோர் கையிலும் சின்னச் சின்னத் துண்டாக வெல்லம் வைத்தாள்.

வாயில் போட்டேன்.

மண். நறநறவென்று கரைகிற, லேசாக உப்புக் கரிக்கிற மண். வேறு எந்த மண்ணும் இல்லை, அதே மண். நான் அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மாசி மாதம்.

எங்கள் ஊரில் அப்போது மாடு கட்டிச் சுற்றுகிற இரும்பு ஆலை ஒன்றுதான் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக் கழனியாக முறை வைத்து அது போகும். முறை வருகிற வீட்டுக்கு அதுதான் திருவிழா. கழனி ஓரத்தில் கீற்றுக் கொட்டாய் போட்டு, கரும்பை வெட்டி ஆலையில் கொடுத்து, சாற்றைப் பெரிய கொப்பரையில் காய்ச்சுவார்கள். முதல் கொப்பரை இறங்கியதும் சாணிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டுவார்கள். பிறகு அந்த வீட்டுச் சிறுமி ஒருத்தியின் வாயில் முதல் வெல்லத்தை வைப்பார்கள். வயதுக்கு வராத பிள்ளையாக இருக்க வேண்டும். அவள் ‘தித்திக்குது’ என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கை நீட்டலாம். அதற்கு முன்னால் ஊர்ப் பெரியவர் ஆனாலும் எச்சில் விழுங்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் அந்த உத்தியோகம் என்னுடையது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து என்னுடையது. மற்ற வீட்டுப் பிள்ளைகள் வாயில் வைத்த மாத்திரத்தில் கத்திவிட்டு ஓடும். நான் அப்படிச் செய்ததில்லை. கண்ணை மூடி, நாக்கில் கரையவிட்டு, கூட்டத்தைக் கொஞ்சம் காக்க வைத்துத்தான் சொல்லுவேன். ஒரு வருஷம், “தித்திக்குது. ஆனா கெணத்தடிக் கரும்பு, கொஞ்சம் உப்பு கரிக்குது” என்று சொல்லிவிட்டேன். அது கிணற்றடிக் கரும்புதான். ஆலைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, “எம் பொண்ணு நாக்கு தராசுடா!” என்றார். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு வருஷம் முழுக்கத் தெருவில் நடந்தேன்.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம் ஆலையோடு இன்னொரு விசேஷமும் சேர்ந்துகொண்டது. என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். தியாகதுருகத்துப் பக்கம் பெரிய பண்ணைக் குடும்பம். மாப்பிள்ளைக்கு முதல் மனைவி பிரசவத்தில் இறந்துபோயிருந்தாள். காதோரம் நரை தெரியும். அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர் சலங்கை கட்டிய மாட்டு வண்டியில் வருவார். வந்தால் எனக்கு ரிப்பன் வாங்கி வருவார். இதைவிட நல்ல மாப்பிள்ளை எங்கே கிடைப்பார் என்றுதான் நினைத்தேன். ஆலை ஆடுகிற அன்றைக்கே அவர்கள் வருவதாக ஏற்பாடு. முதல் வெல்லத்தை நான் ருசி பார்த்துச் சொன்னதும், அதே வெல்லத்தில் ஒரு கட்டியை மாப்பிள்ளையின் அம்மா கையில் அப்பா கொடுப்பார். அந்த அம்மாள் அதை வாயில் போட்டுக்கொண்டால் பேச்சு முடிந்தது. பிறகு பந்தக்கால்தான்.

அத்தைக்குப் பத்தொன்பது வயது. அவளைப் பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் அப்பாதான் வளர்த்தார். நானும் அவளும் ஒரே பாயில் படுப்போம். அந்த வாரம் முழுக்க அவள் கண் சிவந்து வீங்கியிருந்தது. ஆலை அடுப்புப் புகை என்று நினைத்தேன். அப்போது அடுப்பே மூட்டியிருக்கவில்லை என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

அன்று விடிந்ததும் அத்தை என்னை எழுப்பி, “வாடி கண்ணு, பட்டை உரிச்சிக்கினு வரலாம்” என்றாள். பாகு கொதிக்கும்போது அழுக்குத் திரண்டு மேலே வருவதற்கு ஒரு காட்டு மரத்தின் பட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து ஊற்றுவார்கள். கொழகொழவென்று இருக்கும். அதற்கு மலையடிக்குத்தான் போக வேண்டும். அத்தைக்கு அந்தக் காடு நன்றாகத் தெரியும். மேலே மலையிலிருந்து கடுக்காயும் தேனும் விற்க இறங்கி வருகிற பெண்களோடு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பாள். இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

பட்டையை உரித்துக் கட்டிய பிறகு அவள் ஒரு விளையாட்டு ஆரம்பித்தாள். என் கண்ணை முந்தானையால் கட்டிவிட்டு, “வாயில ஒரு தழை வெப்பேன். இன்னா தழைன்னு சொல்லணும். தராசு நாக்காச்சே, பாக்கலாம்” என்றாள்.

எனக்கு இப்படிச் சொன்னால் போதும்.

முதலில் வைத்தது புளித்தது. “புளியாரை!” அடுத்தது நாக்கைக் குத்தியது. “தூதுவளை!” அடுத்தது துளசி, அதை ஆடு கூடச் சொல்லும். நான்காவதாக ஒன்றை வைத்தாள். மென்றேன். பச்சைக் கசப்பு. வேம்பு இல்லை, நிலவேம்பும் இல்லை. இன்னும் மென்றேன்.

“தெரியலையா?”

“இரு, இரு. சொல்றேன்.”

“தெரியலைன்னா தோத்துட்டேன்னு சொல்லு.”

“தோக்கலாம் மாட்டேன். இரு.”

சாறு முழுக்க இறங்கும்வரை மென்றேன். தெரியவில்லை. துப்பிவிட்டுக் கண் கட்டை அவிழ்த்துக்கொண்டேன். இலை எங்கே என்று தேடினேன். அவள் காட்டவில்லை. திரும்பி வருகிற வழியில் யாருடைய கொல்லையிலோ ஒரு கரும்பை ஒடித்து, ஒரு துண்டு என்னிடம் நீட்டினாள்.

“இனிக்குதாடி?” என்று கேட்டாள். அவள் குரல் என்னவோ போல இருந்தது.

கடித்துப் பார்த்துத் தூக்கி எறிந்தேன். “சப்புன்னு கீது. கொழுந்தாடைய ஒடிச்சிக் குடுத்திருக்கற. அடிக்கரும்பு உனக்கா?”

நான் எறிந்த துண்டையே அத்தை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சட்டென்று என் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். வெல்ல நாளில் எல்லோருக்குமே சந்தோஷம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

உச்சி சாய்கிற நேரத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். கொட்டாய் நிறையக் கூட்டம். கொப்பரையில் பாகு பொன் நிறத்துக்கு வந்து கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது. எனக்குப் புதுப் பாவாடை, மாப்பிள்ளை வாங்கி வந்த ரிப்பன். ஆலைக்காரர் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, “இன்னும் செத்த நேரம்” என்றார். அப்போது அத்தை என்னைக் கரும்புச் சக்கை குவித்திருந்த போருக்குப் பின்னால் கூப்பிட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே வாடிய இலைகள், நாலைந்து இருக்கும்.

“காலையில தோத்த இல்ல? கடைசியா ஒரு தரம் பாரு. இப்ப சொல்லிட்டா நீதான் கெலிச்ச.”

“காட்டு, பாக்கறேன்.”

“கண்ண மூடு. பாத்துச் சொன்னா அது நாக்கா?”

மூடினேன். அத்தனை இலையையும் சுருட்டி வாயில் வைத்துவிட்டாள். வாய் நிறையக் கசப்பு. மென்றேன், மென்றேன். தெரியவில்லை. எனக்கு அழுகை முட்டியது.

“தெரியல,” என்றேன்.

“பரவால்ல. துப்பிட்டு வாயக் கொப்பளி.” சொம்பில் தண்ணீர் தயாராக வைத்திருந்தாள். “யார் கிட்டயும் சொல்லாத, இன்னா? தராசு நாக்கு தழைக்குத் தோத்துப் போச்சின்னு ஊரே சிரிக்கும்.”

இதை அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். நானா சொல்லப் போகிறேன்?

கற்பூரம் காட்டினார்கள். அப்பா புதுத் துண்டு போட்டிருந்தார். ஆலிலையில் முதல் வெல்லத்தை எடுத்து, ஊதி ஆற்றி, என் வாயில் வைத்தார். மாப்பிள்ளையின் அம்மா மணையில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வழக்கம்போலக் கண்ணை மூடினேன். கூட்டத்தைக் காக்க வைத்தேன்.

ஒன்றும் வரவில்லை. நாக்கில் மண் கரைந்தது.

கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தேன். அவர் சிரித்த முகத்தோடு, “சொல்லும்மா” என்றார். இன்னொரு முறை நாக்கைச் சுழற்றிப் பார்த்தேன். எத்தனையோ பிள்ளைகள் அந்த இடத்தில் பேசாமல் ‘தித்திக்குது’ என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கும். நான் அப்படிப்பட்டவள் இல்லை. தராசு பொய் சொல்லலாமா?

“இனிக்கலப்பா,” என்றேன். “மண்ணு மாதிரி கீது.”

ஆலை மாட்டின் கழுத்து மணி மட்டும் கேட்டது.

அப்பா ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டார். “தித்திப்பாத்தானே கீது? நல்லாப் பாத்து சொல்லு கண்ணு.” இன்னொரு கட்டியை என் வாயில் வைத்தார்.

“மண்ணுதான்பா.”

மாப்பிள்ளையும் ஒரு துண்டு எடுத்துத் தின்று பார்த்தார். “நல்லாத்தான் இருக்குது. சின்னப் புள்ள, வெளையாடுது. வுடுங்க” என்றார். அவர் நல்ல மனுஷன்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் அவருடைய அம்மா மணையை விட்டு எழுந்துவிட்டார்.

“வெளையாட்டா இது? மொத வெல்லம், கன்னிப் புள்ள வாயி. மண்ணுன்னு வந்துடுச்சே! எம் மவன் ஏற்கெனவே ஒரு தரம் வாயில மண்ண வாங்கினவன். இன்னொரு தரம் வாங்கணுமா?”

“அம்மா, கொஞ்சம் குந்துங்கம்மா, கொழந்த பேச்சு...” என்று அப்பா கை கூப்பினார். என் அப்பா யாருக்கும் கை கூப்பி நான் பார்த்ததில்லை.

“கொழந்த வாயிலதாங்க சாமி பேசும். வண்டியக் கட்டுடா.”

சலங்கைச் சத்தம் தியாகதுருகம் பாதையில் போய் மறையும்வரை யாரும் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த அடி விழுந்தது. கன்னத்தில், எல்லோர் முன்னாலும். ரிப்பன் அவிழ்ந்து சாம்பலில் விழுந்தது.

நான் அழவில்லை. திகைத்துப் போனேன். உள்ளதைச் சொல்லத்தானே என்னை நிறுத்தினார்கள்? இனிக்கிறது என்பதை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்றால் அதற்கு நாக்கு எதற்கு? ஒரு கிளியைப் பிடித்து வந்து சொல்லிக் கொடுத்திருக்கலாமே.

அதோடும் விட்டதா? விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா மனசு கேட்காமல் என்னிடம் ஒரு கட்டி வெல்லத்தை நீட்டினாள். பயந்துகொண்டே வாயில் வைத்தேன். தித்தித்தது! தேன் போலத் தித்தித்தது. எனக்கு உயிர் வந்தது. “அம்மா, இப்ப இனிக்குதும்மா!” என்று குதித்தேன்.

“இப்ப மட்டும் எப்பிடிடி இனிக்குது? அப்ப வேணும்னேதான் சொன்னியா?” என்று கத்திக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள்.

அத்தைதான் குறுக்கே விழுந்து என்னை இழுத்துக்கொண்டு போனாள். அன்றிரவு பாயில் என்னைக் கட்டிக்கொண்டு என்னைவிட அதிகமாக அவள் அழுதாள். கல்யாணம் நின்றுபோன துக்கத்தில்கூட எனக்காக அழுகிறாளே என்று நான் நெகிழ்ந்து போனேன். இலையைப் பற்றி எனக்கு நினைப்பே வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். தோற்றதை யார் சொல்லுவார்கள்?

அடுத்த வருஷத்திலிருந்து முதல் வெல்லம் என் சித்தப்பா மகளுக்குப் போனது. உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாதவள். கண்ணைக்கூட மூட மாட்டாள். வாயில் வைப்பதற்கு முன்னாலேயே “தித்திக்குது” என்பாள். எல்லோரும் கை தட்டுவார்கள். நான் சக்கைப் போரின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பார்ப்பேன். எனக்கே என் நாக்கின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. எதை வாயில் வைத்தாலும் இது நிஜமாகவே இந்த ருசிதானா என்று பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்க ஆரம்பித்தேன். ஒரு பிள்ளைக்கு அதைவிடக் கொடுமை வேறு என்ன வேண்டும்?

பாறையில் உட்கார்ந்திருந்த என்னைச் சுற்றி வகுப்பு முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தது. “மண்ணு!” “சாக்பீஸு!” என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அந்தப் பெண் விளக்கம் சொன்னாள். “இது சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லின்னும் சொல்லுவாங்க. இத மென்னா கொஞ்ச நேரத்துக்கு நாக்குக்கு இனிப்பு மட்டும் தெரியாது. மத்த ருசியெல்லாம் தெரியும். அப்புறம் தானா சரியாயிடும்.”

சிறுகுறிஞ்சான். சர்க்கரை வியாதிக்காரர்கள் பொடியாக வாங்கித் தின்கிறார்கள் என்று பெயரளவில் கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்குச் சர்க்கரை கிடையாது. நான் ஏன் வாங்கப் போகிறேன்? வாங்கியிருந்தால் இருபது வருஷத்துக்கு முன்னாலேயே இந்தக் குட்டு உடைந்திருக்கும். அப்போது அத்தை உயிரோடு இருந்தாள். நேரில் போய்க் கேட்டிருப்பேன்.

“இன்னாம்மா, தலை சுத்துதா?” என்று மகள் ஓடி வந்தாள்.

அவளிடம் சொன்னேன். அடி முதல் துடைப்பம் வரை சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். முடித்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“சின்னப் பாட்டி இப்பிடிப்பட்ட ஆளா! காலையில கரும்பு குடுத்து டெஸ்ட் வேற பண்ணி இருக்காங்க பாரும்மா!”

“சிரிக்காத. வயிறு எரியுது எனக்கு.”

“தப்பிச்சாங்க இல்ல?”

“தப்பிச்சா. நல்லாத்தான் தப்பிச்சா. யாரு வேணாம்னா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லி இருக்கலாம் இல்ல? அத்தைக்கு அந்த ஆளு வேணாண்டி, நீ இனிக்கலைன்னு சொல்லுன்னு சொல்லி இருந்தா, வாயில தேன ஊத்தினாக்கூட இனிக்கலைன்னு சொல்லி இருப்பேனே! அடி வாங்கினாலும் தெரிஞ்சி வாங்கி இருப்பேன்.”

“ஒம்பது வயசுல நீ? ராத்திரிக்குள்ள அத ஊருக்கே சொல்லி இருப்ப.”

கச்சிராயபாளையம் வரும்வரை நான் அவளோடு பேசவில்லை.

பேசாமல் வந்தாலும் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். அத்தையின் மேல் இருந்த கோபம் வழியில் கொஞ்சம் இடம் மாறியது. அவள்தான் என்ன செய்வாள்? வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் எந்தக் காது கேட்டிருக்கும்? வெல்லம் இனிக்கிறதா என்று ஒரு சின்னப் பெண்ணை ஊர் முன்னால் நிறுத்திக் கேட்டார்கள். இந்த ஆள் உனக்குச் சம்மதமா என்று வயது வந்த பெண்ணை, அடுக்களை மூலையில் வைத்துக்கூட யாரும் கேட்கவில்லை. அப்பா கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. அவர்களை நல்லவர்கள் என்றுதான் நான் இதுநாள் வரை சொல்லி வந்திருக்கிறேன். நல்லவர்கள்தான். ஆனால் கேட்கவில்லை. அந்த வீட்டில் பேச்சு எடுபடுகிற ஒரே பெண் வாய் என்னுடையதாக இருந்தது, வருஷத்தில் ஒரு நாள். அத்தை அதைப் பார்த்து வைத்திருக்கிறாள். அதைக் கேட்காமல் எடுத்துக்கொண்டாள்.

ஆறவில்லை எனக்கு. கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு அத்தைக்குச் சில காலம் யாரும் பெண் கேட்டு வரவில்லை. அப்புறம் சின்னசேலத்தில் ரயிலடிக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். நிலம் கிடையாது. சலங்கை வண்டியும் கிடையாது. ஆனால் வயது ஒத்தவர். அவள் பேசினால் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுக் கேட்பார். “பண்ணை வீட்டுக்குப் போக வேண்டியவ” என்று அம்மா என்னைப் பார்த்துத்தான் பெருமூச்சு விடுவாள்.

கல்யாணமான பிறகு அத்தை முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தது அந்தக் கல்யாணத்துக்கு அடுத்து வந்த மாசியில், ஆலை ஆடுகிற நாளில். சித்தப்பா மகள் “தித்திக்குது” என்று கத்தி முடித்து, கூட்டமெல்லாம் வெல்லத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போலச் சக்கைப் போரின் மேல் இருந்தேன். அத்தை தன் பங்கைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டு, நேராக என்னிடம் வந்தாள். அந்த முதல் கட்டியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“சாப்பிடு கண்ணு.”

வாயில் போட்டுக்கொண்டேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“இனிக்குதாடி?” என்று மெல்லக் கேட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் நிற்கிற இடத்தில், அதே கொட்டாயில், அதே கேள்வியைக் கேட்டு என்னைக் குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். வாயில் இருந்த வெல்லத்தை அவள் காலடியில் துப்பினேன். “இனிக்கல, போ!” என்று கத்திவிட்டு இறங்கி ஓடினேன்.

அதற்குப் பிறகும் அவள் ஒவ்வொரு முறை வரும்போதும் முந்தானையில் ஒரு கட்டி வெல்லம் முடிந்து வருவாள். அதையே கேட்பாள். நானும் அதையே சொல்லுவேன். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறக்கும்வரை எங்களுக்குள் இது நடந்தது. அத்தை என்னைக் கேலி செய்வதை இன்னும் விடவில்லை என்று என் புருஷனிடம்கூடச் சொல்லிக் குறைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு, முதல் தடவை, கழனி வரப்பு வரை ஓடிப் போய்த் திரும்பிப் பார்த்தேன். அத்தை துரத்திக்கொண்டு வருவாள் என்று நினைத்தேன். அவள் வரவில்லை. சக்கைப் போரின் பக்கத்தில், நான் விட்டுவிட்டு வந்த இடத்திலேயே நின்றாள். நீட்டிய கையை மடக்கவில்லை. உள்ளங்கையில் ஒட்டியிருந்த மிச்ச வெல்லம் வெயிலில் இளகி விரல் இடுக்கில் வழிந்துகொண்டிருந்தது. ஈ மொய்க்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, கையைக் கழுவாமல் ஏன் இப்படி நிற்கிறாள் என்றுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.